சமாதானமா, சம்பந்தி?

செஸ் போட்டியில் அன்றைய கடைசிச் சுற்றான மூன்றாம் சுற்றில் தன் எதிரே வந்து உட்காரப் போவது யார் என்று தெரிந்ததும் கோட்டையார் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பயம் ஒன்றும் இல்லை. அவர் பயப்படும்படியான ஆட்டக்காரர் யாரும் அந்த மேஜைக்கு வரவில்லை. வந்தவர் அவருடைய சம்பந்தி, அதுதான் விஷயம்.

கோட்டையார் என்பது செஸ் கழகத்தில் வைத்த பெயர். எதிராளி யாராக இருந்தாலும் சரி, முதல் வேலையாக ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் யானையைக் காவல் வைத்து, முன்னால் மூன்று சிப்பாய்களை நிறுத்திக் கோட்டை கட்டிவிடுவார். அதன்பிறகு அந்தச் சிப்பாய்களை அசைக்க அந்த ராஜாவே கெஞ்சினாலும் மாட்டார். உத்தியோகம், எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிக்கிற வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும், தனக்கு வர வேண்டிய மரியாதை அதில் முழுசாக இருக்கிறதா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்ப்பார். பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும்.

அப்படி நிறுத்துப் பார்த்ததில் வந்த வினைதான் சம்பந்திச் சண்டை. மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தார். சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. பேச்சுவாக்கில், "அது என்ன சம்பந்தி செஸ்ஸு? கேரம்னா விரலாவது வலிக்கும். இதுல உக்காந்த எடத்துல தூங்கறதுக்கு மெடல் வேற தர்றாங்களாமே?" என்று கேட்டுவிட்டார்.

கோட்டையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்குத்தானே மூளை இருக்கும், பாவம்" என்றார்.

"அப்படியா? அப்போ அந்தப் பெரிய மூளையப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்து போங்க. ஸ்டியரிங் பிடிக்கிறவன் எதுக்கு?" என்றார் சம்பந்தி. அன்றைக்குக் கோட்டையாரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான்.

கோட்டையார் நிஜமாகவே நடந்து போனார். மழை வேறு பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தவர், துண்டால் தலையைத் துவட்டுவதற்கு முன்னாலேயே சபதம் போட்டுவிட்டார். அந்த ஆள் தன் வாயால் வந்து சமாதானம் பேசுகிற வரைக்கும் அவர் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டாராம். இந்தச் செய்தி மகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து அதே சபதம், ஆள் மட்டும் மாறி, திரும்பி வந்தது.

இரண்டு பெரிய மனுஷர்கள் இப்படி விறைத்துக்கொண்டு நிற்க, காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. பேத்தி பிறந்தாள், குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், இப்போது எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். 'நீங்க ரெண்டு பேரும் சேர்ற வரைக்கும் கொழந்தைய அங்க கொண்டு வர மாட்டேன்' என்று மகளும் தன் பங்குக்கு ஒரு சபதம் போட்டிருந்ததால், கோட்டையார் அவ்வளவையும் போன் திரையில்தான் பார்த்தார். அதிலும் பாதி நேரம் அவருக்குத் தெரிந்தது பேத்தியின் நெற்றி, அல்லது ஒரு காது. மனைவி மட்டும் வாரம் தவறாமல் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவாள். வந்து, "அவ கன்னம் எவ்ளோ மெத்துனு இருக்கு தெரியுமா" என்று ஆரம்பித்தால் கோட்டையார் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை தொண்டைவரைக்கும் இருந்தது. மானம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஒரு வார்த்த அவர் சொல்லட்டும், நாளைக்கே போறேன்" என்பார்.

"அவரும் அதையேதாங்க சொல்றாரு."

"அப்போ சொல்லட்டுமே, யாரு வேணாம்னா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்த லட்சணத்தில்தான் இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. தூங்குவதற்கு மெடல் கொடுக்கிற விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, இந்த மனுஷன் எதற்கு இத்தனை துள்ளு துள்ளுகிறார் என்று பார்க்கப் போனில் ஆட ஆரம்பித்தவர், மெல்ல மெல்ல, போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அளவுக்கு அந்தக் குழியிலேயே விழுந்துவிட்டார். மருமகளிடம், "உங்கப்பாவுக்குச் சொல்லிடாதம்மா, மானம் போயிடும்" என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தார். இதெல்லாம் கோட்டையாருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ரேட்டிங் என்கிற தரப்புள்ளி தனக்கு அந்த ஆளைவிட அறுநூறுக்கு மேல் அதிகம் என்பதுதான். செஸ் தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், லாரியும் சைக்கிளும் மோதுகிற கணக்கு.

ஆட்டம் நடந்தது நூலகத்தின் மாடிக் கூடத்தில். நாலு சுவரிலும் 'பேசக்கூடாது' என்று ஒட்டியிருந்தார்கள். அது போதாதென்று நடுவராக ஒரு கணக்கு டீச்சரைப் போட்டிருந்தார்கள். யாராவது தும்மினால்கூட அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த தும்மல் மூக்குக்குள்ளேயே செத்துப்போகும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைக்க ஊரிலேயே இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆட்டம் தொடங்குமுன் கை குலுக்க வேண்டும் என்பது விதி. இருவரும் இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறவர்கள் மாதிரி விரல் நுனியை நீட்டி, பட்டும் படாமலும் இழுத்துக்கொண்டார்கள். கோட்டையார் கடிகாரத்தைப் பார்த்தார். சம்பந்தி கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்தார்.

கோட்டையார் வழக்கம்போலக் கோட்டை கட்டினார். ஆள் புதுசு என்பதால் கொஞ்சம் அலட்சியமாகவே ஆடினார். அப்படியும் சீக்கிரமே சம்பந்தியின் குதிரை ஒன்று இலவசமாக வந்து சேர்ந்தது, அதன் பின்னாலேயே இரண்டு சிப்பாய்கள். ஆனால் ஒரு தொல்லை. இவர் ஏதாவது காயை வேகமாகக் கொண்டுபோகும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். சம்பந்தியின் வலது கால் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் எங்கேயாவது கொண்டுபோய் இடிக்கப் பார்த்தால் இவர் மிதித்துவிடுவார். காலமெல்லாம் மிதித்துப் பழகிய கால், நாற்காலியில் உட்கார்ந்தாலும் சும்மா இருக்குமா? கோட்டையாருக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தும், தன்னைக் கலவரப்படுத்தத்தான் வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டினார். குறை கண்டுபிடிப்பதென்று இறங்கிவிட்டால் அவருக்குக் கால் என்ன, கை என்ன?

அரை ஆட்டத்துக்கு மேல் போயிருக்கும். பலகையில் சம்பந்திக்குப் போக்கிடமே இல்லை. கோட்டையார் கையைக் கட்டிக்கொண்டு, எப்படி முடிக்கலாம் என்று நிதானமாக ருசித்துக்கொண்டிருந்தார். அப்போது சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். நடுவர் அம்மாள் எங்கேயோ தள்ளி இருப்பதை ஓரக்கண்ணால் உறுதிப்படுத்திக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"சமாதானமா?"

கோட்டையாருக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவருடைய செஸ் கழகத்தில் யாரும் டிராவை டிரா என்று சொல்வதில்லை. 'சமாதானமா?' என்று கேட்பார்கள். 'சமாதானம்' என்று கை கொடுத்தால், வெற்றி தோல்வி இல்லாமல் பாதிப் பாதி. அதுதான் அங்கே வழக்கம். அதையும் காயை நகர்த்தி வைத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஆளோ ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் பறிகொடுத்துவிட்டு, ஒரு காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு, அதுவும் நேரம் கெட்ட நேரத்தில், பாதி வேண்டும் என்கிறார். தன்னை இதைவிடக் கேவலமாக யாரும் எடை போட்டதில்லை என்று தோன்றியது.

"முடியாது" என்றார், ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்பி.

சம்பந்தியின் முகம் சுருங்கிப்போனது. கோட்டையார் ஒரு காயை நகர்த்தினார். பதிலுக்கு சம்பந்தியும் எதையோ நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் கொஞ்சம் சிவந்திருந்த மாதிரி இருந்தது. தோற்கப் போகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கோட்டையார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த காயை வைத்துவிட்டு, சம்பந்தி யோசிக்கிற நேரத்தில் தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்துக்குப் போனார்.

அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவர் மகள் நின்றிருந்தாள். மாமனார் படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம், கொடுக்க வந்தவள். முகத்தைப் பார்த்தாலே கண்ணாடி விவகாரத்தைத் தாண்டி வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காப்பா?"

"என்னடி ஆச்சு?"

"மாமா வாய விட்டு சமாதானம் கேட்டாராம். நீங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியாதுன்னுட்டீங்களாம். இப்பதான் இங்க வந்து நின்னு சொல்லிட்டுப் போறாரு. அந்த மனுஷன் அப்படி நின்னு நான் பாத்ததே இல்ல."

"அது ஆட்டத்துல கேட்டதுடி! சமாதானம்னா டிரா. ஒரு குதிர பின்னால இருக்கிறவரு டிரா கேட்டா யாராவது குடுப்பாங்களா?"

"அவருக்கு எப்படிப்பா அது தெரியும்? அவரு போன்ல கத்துக்கிட்டவரு. போன்ல டிரான்னுதான் போட்டிருக்கும். உங்க கழகத்து பாஷை அவருக்குக் கனவுல வருமா? ஒரு மாசமா ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தாரு, உங்கள எங்க பாத்தாலும் மொதல்ல அந்த வார்த்தையச் சொல்லிடணும்னு."

கதவு திறந்தது. நடுவர் அம்மாள். "ஆட்டம் முடியிறதுக்கு முன்னாடி யாரோடயும் ஆட்டத்தப் பத்திப் பேசக்கூடாது சார்."

"ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் பேசல மேடம், எங்க குடும்பத்தப் பத்தித்தான் பேசறோம்" என்றாள் மகள்.

"அத விடப் பெரிய சத்தமா இருக்கே" என்றார் நடுவர். கோட்டையார் தண்ணீர் குடிக்காமலேயே உள்ளே திரும்பினார்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்குக் காது ரெண்டும் சுட்டது. தான் எத்தனை காலமாகக் காத்திருந்த வார்த்தை! கேட்ட மாத்திரத்தில் அள்ளிக்கொண்டிருக்க வேண்டியது. அதைத் தானே கையால் தட்டிவிட்டார், அதுவும் என்ன வார்த்தை என்றே தெரியாமல். வெட்கமாக இருந்தது. அழுகை வருமோ என்றுகூட ஒரு கணம் பயமாக இருந்தது. எதிரே சம்பந்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையை முறைத்துக்கொண்டிருந்தார். தன் காயை நகர்த்தி முடித்திருந்தார். இனி கோட்டையாரின் முறை.

என்னவென்று சொல்வது? தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று விளக்கம் சொல்ல நாலு சுவரும் விடாது. அந்தக் கூடத்தில் எதிராளியிடம் சொல்ல அனுமதி உள்ள வார்த்தைகள் ரொம்பச் சொற்பம். அவற்றில் ஒன்று டிரா கேட்பது. ஆக, அங்கே வாய்விட்டுச் சொல்ல முடிந்த சமாதானம் அது ஒன்றுதான். சொல்லிவிடலாம். அரைப் புள்ளி போனால் போகட்டும். ஜெயித்த ஆட்டத்தைப் பாதியாகக் கொடுக்கிறேன் என்றால் சம்பந்திக்கும் கௌரவம், தனக்கும் பேத்தி.

ஆனால் விதி விதிதான். காயை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக விதி தவறாத மனுஷன், இன்றைக்கு மட்டும் தவறுவாரா? ஏதாவது ஒரு காயை எங்கேயாவது வைத்தால் போதும், வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்ற அவசரத்தில், கைக்கு முதலில் அகப்பட்ட யானையைத் தூக்கினார். கோட்டைக்குள் ராஜாவுக்குப் பக்கத்தில் காவல் நின்ற யானை.

மேஜைக்கு அடியில் இதுவரைக்கும் கேட்காத ஒரு 'டப்'. பலகையில் காய்களெல்லாம் குலுங்கின. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோட்டையார் அதைக் காதில் வாங்கவில்லை. யானையை மேலே கொண்டுபோய் வைத்தார், கையை எடுத்தார், தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டார்.

"சமாதானமா, சம்பந்தி?"

கடிகாரத்தை அமுக்கினார்.

சம்பந்தி பலகையைப் பார்த்தார். கோட்டையாரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பலகையைப் பார்த்தார். இடையில் வேறு ஏதோ மேஜையில் அதே வார்த்தையைச் சொல்லிக் கை குலுக்கியதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் அவராகவே புரிந்துகொண்டாரோ என்னவோ.

"எந்தச் சமாதானம்?" என்று கேட்டார்.

"ஷ்ஷ்" என்றார் நடுவர்.

"ரெண்டும்" என்றார் கோட்டையார்.

சம்பந்தியின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. கையை நீட்டி, மேஜைமேல் கிடந்த கோட்டையாரின் கையை அழுத்திப் பிடித்தார். இந்தத் தடவை விரல் நுனியால் அல்ல, முழுக் கையால்.

"வீட்டுச் சமாதானத்துக்குச் சரி சம்பந்தி. மனசார சரி. ஆனா இதுக்கு வேணாம்."

"ஏன்?"

பதிலுக்கு சம்பந்தி தன் யானையை எடுத்தார். காவல் இல்லாத அந்தக் கடைசி வரிசைக்கு நேராக ஓட்டிக்கொண்டுபோய், சிவப்பு விளக்கில் நிறுத்துகிற மாதிரி, அத்தனை பதமாக நிறுத்தினார். ராஜாவுக்கு முற்றுகை. கோட்டையார் தப்பிக்க வழி தேடினார். முன்னால் அவரே நிறுத்திய மூன்று சிப்பாய்கள், கெஞ்சினாலும் அசைக்கக் கூடாத சிப்பாய்கள், இம்மி நகராமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவர் கட்டிய கோட்டைக்கு அவர் வாசல் வைக்கவே இல்லை.

"செக்மேட்னு போன்ல இதுக்குப் பாட்டு வரும்" என்றார் சம்பந்தி ரகசியமாக.

சேதி கூடம் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. கோட்டையாரைக் கோட்டைக்குள்ளேயே அடித்துவிட்டார்களாம் என்று கழகத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரிக்கிற பாவனையில் பலகையை எட்டிப் பார்த்தார்கள். நடுவர் அம்மாளே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். கோட்டையாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சமயம் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு கட்டு அவிழ்ந்து, மூச்சு நன்றாக இழுக்க முடிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்கே விளங்கவில்லை.

வெளியே டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. சம்பந்தி பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மகள் பின்னால் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் கோட்டையார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த யானைய எடுக்கும்போது ஓங்கி மிதிச்சீங்களே, எதுக்கு?"

"கொண்டுபோய் இடிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுது. கால் தானா போயிடுச்சு."

"எனக்குப் போயி மிதிச்சீங்களா? நான் உங்க எதிராளிங்க!"

"வண்டியில உக்காந்திருக்கிறவன் எதிராளியா சொந்தக்காரனான்னு காலுக்கு எப்படித் தெரியும்? மிதிச்சேன். நீங்கதான் நிக்கல."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"பேசக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருந்துதே. இண்டிகேட்டர் போடுங்க, இண்டிகேட்டர்."

"எனக்குத் தெரியும்."

டப்.

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு வர்றீங்களா?" என்றாள் பின்னாலிருந்து மகள். குதிரையை எங்கே கோட்டை விட்டோம் என்று சம்பந்தி ஆரம்பிக்க, அதை வைத்தே கதையை எப்போதோ முடித்திருக்கலாம் என்று கோட்டையார் விளக்க, வீடு வந்ததே தெரியவில்லை. மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட வாசற்படியை எந்தக் காலால் மிதித்தார் என்றும் அவருக்கு ஞாபகம் இல்லை.

கூடத்தில் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலிக் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயில் இன்னொரு கையை விட்டுக்கொண்டு. முழுசாக இருந்தாள். நெற்றி, காது, முட்டி, பாதம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தன. கோட்டையார் தரையில் மண்டியிட்டு, "வாடா கண்ணு, தாத்தா வந்திருக்கேன்" என்றார்.

குரலைக் கேட்டதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. "தாத்தா!" என்றது. ஆனால் அவரிடம் வரவில்லை. திரும்பித் தள்ளாடித் தள்ளாடி உள்ளே ஓடியது. பயந்துவிட்டது போல என்று அவர் எழுந்திருக்கப் போனபோது திரும்பி வந்தது, அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த போனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு.

அவர் எதிரே வந்து நின்று, போனை அவர் மடியில் வைத்தது. இருட்டாக இருந்த திரையைத் தட்டியது. அவரை அண்ணாந்து பார்த்து, "தாத்தா" என்று அதைக் காட்டியது. யாரோ புது ஆள் வந்திருக்கிறார், தாத்தா குரல் கேட்கிறது, தாத்தாவை மட்டும் காணோம், கொஞ்சம் எடுத்துக் கொடேன் என்கிற மாதிரி.

கோட்டையார் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். அப்புறம் தன் முகத்தைக் குழந்தையின் கைக்கு எட்டுகிற மாதிரி கீழே கொண்டுபோய், அது தொட்டுப் பார்க்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.